கார் வண்ணப்பூச்சுப் பராமரிப்பு: சென்னைச் சூழல்

காரின் உடல்தகட்டின் மேல் உள்ள வண்ணத்தையும் அதன் பளபளப்பையும் வெயில், உப்புக்காற்று, தூசி, பறவை எச்சம், கடின நீர், உராய்வு ஆகியவற்றிலிருந்து காத்து வருவது கார் வண்ணப்பூச்சுப் பராமரிப்பு எனப்படுகிறது. இதை அழகுக்கான வேலையாகவே பலரும் கருதுகின்றனர். ஆனால் பூச்சின் முதல் பணி இரும்புத் தகட்டைத் துருவிலிருந்து காப்பதாகும். பளபளப்பு அதற்கு அடுத்ததுதான். கடலை ஒட்டிய மயிலாப்பூர், பெசன்ட் நகர், அடையாறு போன்ற பகுதிகளில் இந்த முதல் பணிக்கு மதிப்பு அதிகம்.

இப்பகுதிகளில் தெருவோரம் நிற்கும் கரு நிறக் கார் ஒன்றை மாலை வெயிலில் சாய்வாகப் பார்த்தால், பானெட்டின் மேல் சிலந்தி வலை போன்ற மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும். உண்மையில் அவை வட்டங்கள் அல்ல. எல்லாத் திசைகளிலும் ஓடும் நுண்ணிய நேர்க்கீறல்கள். ஒளியின் பிரதிபலிப்பைச் சுற்றி, அதற்குக் குறுக்காக அமைந்த கீறல்கள் மட்டும் மின்னுவதால் கண்ணுக்கு வட்டமாகத் தோன்றுகின்றன. இவற்றில் பெரும்பாலானவை காரைச் சுத்தம் செய்யும்போதே ஏற்படுகின்றன.

பூச்சின் அடுக்குகள்

தொழிற்சாலையில் காருக்குப் பூசப்படுவது ஒரே வண்ணம் அன்று. தகடு முதலில் கழுவப்பட்டு, பாஸ்பேட் கரைசலில் பதப்படுத்தப்படுகிறது. பிறகு உடல் முழுவதும் ஒரு பெரிய தொட்டியில் மூழ்கவைக்கப்பட்டு, மின்சாரத்தின் உதவியால் ஏறத்தாழ 20 மைக்ரான் தடிமனுள்ள துருத்தடுப்புப் படலம் படியவைக்கப்படுகிறது. கையோ தூரிகையோ புகாத இடுக்குகளிலும் இப்படலம் படியும். இதன் மேல் 30 முதல் 40 மைக்ரான் வரை பிரைமர், அதன் மேல் 15 முதல் 20 மைக்ரான் வரை வண்ணம், கடைசியாக 40 முதல் 50 மைக்ரான் வரை நிறமற்ற மேற்பூச்சு ஆகியவை பூசப்பட்டு அடுப்பில் சுடப்படுகின்றன. நிறமற்ற மேற்பூச்சைப் பட்டறைகளில் 'கிளியர் கோட்' என்பார்கள்.

ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாதாரண நகல் தாள் ஒன்றின் தடிமன் சுமார் 100 மைக்ரான். அதாவது, காரின் மொத்தப் பூச்சும் ஒரு தாளின் தடிமனுக்குச் சற்றே கூடுதலாக இருக்கும். கிளியர் கோட் அரைத் தாள் அளவே. வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் வேதிப்பொருள் இந்த அரைத் தாளில்தான் கலந்திருக்கிறது. பளபளப்பைத் தருவதும் இதுவே. தேய்ந்து போனால் இது மீண்டும் வளர்வதில்லை. பராமரிப்பு பற்றிய மற்ற எல்லாச் செய்திகளையும் இந்த ஓர் உண்மையை மனத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

இவ்வளவு மெல்லிய, அதே சமயம் உறுதியான பூச்சுக்கு வந்து சேர நூறாண்டு பிடித்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் குதிரை வண்டிகள் கட்டிவந்த சிம்ப்சன் நிறுவனம் 1903-இல் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கியது. அந்தக் காலத்தில் வண்டிகளுக்குத் தூரிகையால் வார்னிஷ் பூசி, ஒவ்வோர் அடுக்கும் உலர நாள்கணக்கில் காத்திருந்தனர். அமெரிக்காவில் ஃபோர்டு மாடல் டி கார் 1914 முதல் 1925 வரை கருப்பு நிறத்தில் மட்டுமே விற்கப்பட்டது. 1923-இல் டுபாண்ட் நிறுவனம் கொண்டுவந்த 'டியூக்கோ' என்னும் விரைவில் உலரும் பூச்சு இந்நிலையை மாற்றியது. அப்பெயர் இன்றும் இந்தியத் தச்சர்கள், பெயின்டர்கள் வாயில் புழங்குகிறது. மின்முறைப் படலம் 1960-களிலும், நிறமற்ற மேற்பூச்சு 1980-களிலும் பரவின. ஆகவே, பழைய அம்பாசடர் காலத்து ஓட்டுநர்களின் பழக்கங்கள் இன்றைய காருக்குப் பொருந்தாமல் போவதில் வியப்பில்லை. மண்ணெண்ணெய் கலந்த துணியால் துடைத்தால் 'மின்னும்' என்பது அவற்றுள் ஒன்று. அந்த மினுமினுப்பு எண்ணெய்ப் படலத்தினுடையது. தூசியை இழுத்துப் பிடிப்பதோடு, கதவோர ரப்பர்களையும் அது கெடுக்கும்.

உப்புக்காற்று

கோடை நாளில் சென்னையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று வீசத் தொடங்கும். ஊருக்கு அது ஆறுதல். காருக்கோ அது நுண்ணிய உப்புத் துகள்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். சென்னையில் இரவு ஈரப்பதம் பல நாள்களில் இதைத் தாண்டிவிடுகிறது. மழை இல்லாத இரவிலும், கடலருகே நிற்கும் காரின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் இருப்பது இதனால்தான். பூச்சு முழுமையாக உள்ளவரை இதனால் பெரிய தீங்கில்லை. கல் தெறித்து ஓரிடத்தில் தகடு வெளிப்பட்டுவிட்டால், உப்பில் உள்ள குளோரைடு துருவை விரைவுபடுத்தும். துரு பூச்சின் அடியிலேயே பக்கவாட்டில் பரவிக் கொப்புளமாக எழும்பும்.

இத்துறையில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோக அரிப்பு ஆய்வில் நாட்டின் முதன்மை மையங்களுள் ஒன்று. இந்தியாவின் அரிப்பு வரைபடத்தை உருவாக்கியதும் இந்நிறுவனமே. கடற்காற்றில் உலோகங்கள் எப்படி அரிக்கப்படுகின்றன என்பதை அது மண்டபத்திலும் ஆய்ந்துவந்துள்ளது.

வெயில், எச்சம், மரம்

சென்னை ஏறத்தாழ 13 பாகை வடக்கு அட்சரேகையில் உள்ளது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டு நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இதனால் கூரையும் பானெட்டுமே முதலில் கெடுகின்றன. பழைய சிவப்புக் கார்களின் கூரை வெளுத்திருப்பதையும், சில கார்களின் மேற்பூச்சு பாம்புச் சட்டைபோல் உரிவதையும் பலர் பார்த்திருக்கலாம். அந்த நிலைக்கு வந்த பூச்சை எந்தப் பாலிஷும் மீட்காது. மறுபடி பெயின்ட் அடிப்பதொன்றே வழி.

நிழலுக்காக மரத்தடியில் நிறுத்தினால் வேறு தொல்லை. காக்கை, புறா எச்சத்தில் யூரிக் அமிலம் உள்ளது. ஆனால் அமிலம் மட்டுமே காரணம் அன்று. வெயிலில் கிளியர் கோட் சற்றே இளகி விரிகிறது. மாலையில் குளிரும்போது காய்ந்த எச்சத்தின் வடிவத்துக்கு ஏற்ப இறுகிவிடுகிறது. அப்பதிவுதான் பிறகு எவ்வளவு கழுவினாலும் போகாத மங்கலான வடுவாகத் தெரிகிறது. ஆகவே எச்சத்தை அன்றே, வெயில் ஏறுமுன் எடுப்பது நல்லது. காய்ந்ததைச் சுரண்டக்கூடாது, அதில் மணல் இருக்கும். நனைத்த துணியை அதன் மேல் ஐந்து பத்து நிமிடம் போட்டுவைத்து, ஊறிய பின் ஒற்றி எடுக்க வேண்டும்.

அடையாறு, கோட்டூர்புரம் பக்கம் இரவில் வரும் பழந்தின்னி வௌவால்களின் எச்சத்துக்கும் இதே முறைதான். மா பூக்கும் காலத்தில் அம்மரத்தின் அடியில் நிற்கும் கார் மேல் தேன் தெளித்தாற்போல் பிசுபிசுப்பு படியும். அது மரத்தின் பால் அன்று. சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சிகள் வெளியேற்றும் இனிப்பு நீர். வெதுவெதுப்பான சோப்பு நீருக்கு அது எளிதில் கரையும், விட்டுவைத்தால் கரும்பூஞ்சை பிடிக்கும்.

தியாகராய நகர், ஆழ்வார்பேட்டை, கச்சேரி சாலை வட்டாரங்களில் மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிகள் நடந்த ஆண்டுகளில் சிமெண்டுத் தூசியும் சேர்ந்துகொண்டது. சிமெண்டு காரத்தன்மை உடையது. பனியோ தூறலோ பட்டால் பூச்சின் மேலேயே இறுகும். இதை ஈரத்துணியால் துடைப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். நீரை ஊற்றி ஓடவிடுவதே சரி.

பண்டிகைக் கறைகளையும் இங்கே சொல்ல வேண்டும். ஆயுத பூஜையன்று பானெட்டில் இடும் மஞ்சள், சந்தனம், குங்குமம் ஆகியவை ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மஞ்சளின் நிறப்பொருள் வெயிலில் தானாகவே வெளுத்துவிடும். செயற்கைச் சாயம் கலந்த குங்குமம் அப்படிப் போகாது. வெள்ளைக் கார்களின் பிளாஸ்டிக் பம்பரில் ஊறிப்போய் இளஞ்சிவப்பாக நிற்கும். பூஜை முடிந்த மாலையே நீர் ஊற்றிக் கழுவிவிட்டால் பிரச்சினை இல்லை. தீபாவளி இரவிலும் போகிப் புகையிலும் படியும் சாம்பல், கரி ஆகியவற்றையும் மறுநாள் உலர்துணியால் தட்டக்கூடாது.

காலைத் துடைப்பு

தென் சென்னையின் அடுக்ககங்களில் விடியற்காலையில் தவறாமல் காணும் காட்சி, மாதச் சம்பளத்துக்குக் கார் துடைப்பவர்கள். காவலாளிகளும் வேறு வேலைக்குப் போகுமுன் வருபவர்களுமாக, ஒருவரே பல வண்டிகளை ஏழு மணிக்குள் முடித்தாக வேண்டும். கையில் ஒரு வாளி நீர், ஒரு பழைய துணி. முதல் காரின் மணல் வாளிக்குள் போய், இரண்டாம் கார் மேல் துணியோடு வருகிறது. வாளியின் நீர் மண்ணிறமாகும்போது துணி மெல்லிய உப்புத்தாள் ஆகிவிடுகிறது. சக்கரம் துடைத்த துணியே பானெட்டுக்கும் வந்தால் கேட்கவே வேண்டாம். ஆண்டில் முந்நூறு நாள் இது நடந்தால், மேலே சொன்ன சிலந்தி வலை ஓரிரு ஆண்டிலேயே தெளிவாகத் தெரியத் தொடங்கும்.

இதற்குத் துடைப்பவரைக் குறை சொல்வது முறையன்று. துணி, வாளி, நேரம் மூன்றையும் தீர்மானிப்பவர் காரின் உரிமையாளர்தான். காரில் தூசி தெரிந்தால் 'இன்று வரவில்லையா' என்ற கேள்வி வரும் என்பதால்தான் அவர் தினமும் தேய்க்கிறார். உண்மையில் மெல்லிய தூசிப்படலம் தானாகப் பூச்சைக் கீறுவதில்லை. அழுத்தித் தேய்க்கும்போதுதான் கீறுகிறது. வாரம் இருமுறை ஒழுங்காகக் கழுவினால் போதும், துடைக்காத நாளுக்குச் சம்பளம் குறையாது என்று அவரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டால், அவருக்கும் வேலை குறையும், காருக்கும் கீறல் குறையும். இரண்டு வாளியும் நான்கு மைக்ரோஃபைபர் துணிகளும் உரிமையாளரே வாங்கித் தந்து, அந்தக் காருக்கென்றே வைத்துக்கொள்ளச் செய்வது எந்த விலையுயர்ந்த பூச்சையும் விடப் பயன் தரும்.

மைக்ரோஃபைபர் என்பது பாலியெஸ்டரும் நைலான் வகை இழையும் கலந்து, இழைகளை மிக நுண்ணியதாகப் பிரித்து நெய்த துணி. மணல் துகள் மேற்பரப்பில் உருளாமல் இழைகளுக்குள் போய்விடும். இத்துணியைப் பருத்தித் துணிகளோடு சேர்த்துத் துவைத்தால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். துணி மென்மையாக்கும் திரவத்தில் ஊறவைத்தால் உறிஞ்சும் திறன் போய்விடும். தரையில் விழுந்த துணியை அலசாமல் மீண்டும் பயன்படுத்தக்கூடாது.

நீரும் கழுவும் முறையும்

2019 ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. ஜூலை 12 அன்று சோலையார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் நீருடன் முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தது. நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்கு மேல் கொட்டும் ரப்பர் குழாயைத் திறந்துவிட்டுக் கார் கழுவுவதை இந்த நகரத்தில் நியாயப்படுத்த முடியாது. பூச்சைக் காக்கவும் அவ்வளவு நீர் தேவையில்லை.

இரண்டு வாளி முறையில் ஒரு சிறிய காரை 30 லிட்டருக்குள் கழுவிவிடலாம். நிழலில், பானெட் கையால் தொடும் சூட்டுக்கு ஆறிய பிறகு தொடங்க வேண்டும். முதலில் குவளையால் மேலிருந்து கீழாக நீர் ஊற்றித் தளர்ந்த மணலை இறக்கிவிட வேண்டும். துடைப்பதற்கு முன் செய்யும் இந்த வேலையைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகின்றனர். ஒரு வாளியில் கார் ஷாம்பு நீர், மற்றதில் வெறும் நீர். துணியை ஷாம்புவில் தோய்த்து ஒரு பகுதியைத் துடைத்ததும், வெறும் நீரில் அலசிவிட்டுத்தான் மீண்டும் ஷாம்புவில் இட வேண்டும். கூரை, கண்ணாடி, பானெட், கதவின் மேற்பாதி, கீழ்ப்பாதி என்ற வரிசையில் இறங்கிவர வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி. துணி துவைக்கும் தூள் காரத்தன்மை கொண்டது. மெழுகுப் படலத்தைக் கரைத்துவிடும்.

கடலோரப் பகுதிகளின் ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மெக்னீசிய உப்புகள் மிகுதி. இந்நீர் வெயிலில் காய்ந்தால் வெள்ளை வட்டங்கள் விழும். நாள்பட்டால் அவை கிளியர் கோட்டை அரித்துப் பள்ளமாகிவிடும். புதிய வட்டங்களை, நீர் கலந்த வினிகரில் நனைத்த துணியால் ஒற்றி உடனே அலசினால் போகும்.

இங்கே ஒரு பொதுவான தவறு உண்டு. வீட்டு ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் நீரை வீணாக்காமல் கார் கழுவப் பயன்படுத்துவதைச் சிக்கனமாகப் பலர் நினைக்கின்றனர். சிக்கனம்தான், ஆனால் அந்நீரில் உப்பு, குழாய் நீரில் இருந்ததைவிடக் கூடுதலாக இருக்கும். தரை கழுவ அது ஏற்றது, காருக்கு ஏற்றதன்று. மாறாக, ஏ.சி. இயந்திரத்தின் வெளிக்குழாயில் சொட்டும் நீர், காற்றின் ஈரம் குளிர்ந்து உருவானது என்பதால் ஏறக்குறைய வாலைவடி நீரைப் போன்றது. சென்னையின் புழுக்கத்தில் ஓர் இரவுக்கே பல லிட்டர் கிடைக்கும். தெளியவைத்துக் கடைசி அலசலுக்கு இதைப் பயன்படுத்தினால் வெள்ளைப் புள்ளியே விழாது. வடிகட்டிய மழைநீரும் இதற்கு நிகரானது.

மெழுகு, செராமிக், படலம்

கழுவிய பூச்சின் மேல் இடும் காப்புகள் பலவகை. பழமையானது, பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் இலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு. 80 பாகை செல்சியசுக்கு மேல்தான் உருகும் என்றாலும், சென்னை வெயிலில் சில வாரங்களுக்கு மேல் அதன் பயன் நிலைப்பதில்லை. செயற்கைப் பாலிமர் காப்புகள் சில மாதம் தாங்கும்.

'செராமிக் கோட்டிங்' என்பது சிலிக்கன் சேர்மங்களால் ஆன திரவம். கிளியர் கோட்டோடு பிணைந்து கண்ணாடி போன்ற மிக மெல்லிய படலமாகிறது. நீர் முத்தாக உருண்டு ஓடும், கழுவுவது எளிதாகும், எச்சத்தைத் துடைக்கச் சற்று அவகாசம் கிடைக்கும். இவை உண்மையான நன்மைகள். ஆனால் விளம்பரங்களில் வரும் '9எச்' கடினத்தைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். அது ரத்தினங்களை அளக்கும் மோஸ் அளவுகோலின் 9 அன்று. வரைபடப் பென்சிலின் கடினத்தைக் குறிக்கும் அளவு. அதாவது, 9எச் பென்சிலால் கீறினாலும் கோடு விழவில்லை என்பதே அதன் பொருள். மணல் அப்பென்சிலைவிடக் கடினமானது. எனவே, செராமிக் போட்ட பிறகும் அழுக்குத் துணியால் துடைத்தால் கீறல் விழத்தான் செய்யும். முத்தாக நிற்கும் கடின நீர் வெயிலில் காய்ந்தால் வெள்ளை வட்டமும் விழும்.

கல் தெறிப்பை உண்மையில் தடுப்பது, 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள நிறமற்ற பாலியூரித்தேன் படலம். ஹெலிகாப்டரின் சுழல் இறக்கைகளைக் காக்க உருவான தொழில்நுட்பத்திலிருந்து வந்தது இது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடிக்கடி செல்லும் காருக்கு முன் பம்பர், பானெட் விளிம்பு ஆகியவற்றில் மட்டும் ஒட்டுவது நியாயமான செலவு. தி. நகருக்குள் மட்டும் ஓடும் காருக்கு முழு உடலுக்கும் ஒட்டுவது அவசியமற்றது.

எந்தக் காப்பையும்விடக் கவனம் வேண்டியது 'ரப்பிங்' எனப்படும் தேய்ப்பு வேலையில். கீறலை நீக்குவது என்றால், கீறலின் ஆழம்வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து எடுப்பது என்றே பொருள். ஒவ்வொரு முறையும் மூன்று மைக்ரான் போனால், பத்து முறையில் முப்பது போய்விடும். இருப்பதே நாற்பதோ ஐம்பதோதான். ஒவ்வொரு வாட்டர் வாஷின்போதும் 'பாலிஷ் போட்டுத் தரட்டுமா' என்று கேட்டால் தலையாட்டிவிடாமல், பூச்சின் தடிமனை அளக்கும் கருவி இருக்கிறதா என்று கேட்பது நல்லது. நகத்தால் தடவும்போது தட்டுப்படும் கீறல் பெரும்பாலும் கிளியர் கோட்டைத் தாண்டியது. அது ரப்பிங்கால் போகாது.

மழைக்காலமும் உறையும்

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும், வேளச்சேரிவாசிகள் முன்கூட்டியே கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தியது செய்தியானது. வெள்ள நீர் வடிந்த காரில் படிந்திருக்கும் வண்டலை உலர்ந்த பின் துடைக்கக்கூடாது; ஈரமாக இருக்கும்போதே நீரால் இறக்கிவிட வேண்டும்.

துணி உறையைப் பற்றிப் பலருக்கு மிகை நம்பிக்கை உண்டு. தூசி படிந்த கார் மேல் உறையை இழுத்தால் அதுவே கீறும். காற்றில் உறை அசைந்தால் நாள் முழுதும் தேய்த்துக்கொண்டே இருக்கும். நனைந்த கார் மேல் போட்டால் ஈரம் வெளியேற வழியின்றி அடியில் புழுங்கும். நீண்ட நாள் வெளியூர் செல்வோர், கழுவி உலர்த்திய கார் மேல் காற்றுப் புகும் உறையைப் போடலாம்.

சிறு காயங்களும் மறுபூச்சும்

தொழிற்சாலையில் கிளியர் கோட் சுமார் 140 பாகை வெப்பத்தில் சுடப்படுகிறது. பட்டறையில் அவ்வளவு சூடேற்றினால் பிளாஸ்டிக்கும் மின்கம்பிகளும் கெட்டுவிடும் என்பதால், 60 முதல் 80 பாகையில் உலரும் வேறு வகைப் பூச்சே அடிக்கப்படுகிறது. எவ்வளவு திறமையான பெயின்டர் அடித்தாலும் முதற்பூச்சின் அடியில் உள்ள மின்முறைப் படலத்தை அவரால் தர முடியாது. ஒரு சிறு கீறலுக்காகக் கதவு முழுவதையும் டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, மறுபடி பெயின்ட் அடிப்பது சென்னையில் சாதாரணமாக நடக்கிறது. நல்ல மூலப்பூச்சை இழந்து அதைவிடக் குறைந்ததைப் பெறும் வேலை அது. தகடு நசுங்காமல் பூச்சு மட்டும் சிதறியிருந்தால், காரில் ஒட்டியுள்ள தகட்டில் காணும் வண்ணக் குறியீட்டைச் சொல்லித் தொடுபூச்சு வாங்கி, இடத்தைக் கழுவி முற்றிலும் உலர்த்தி, தகடு தெரிந்தால் முதலில் பிரைமரும் பிறகு வண்ணமும் மெல்லிய தூரிகையால் புள்ளியாக வைக்கலாம். அருகில் சென்று பார்த்தால் தெரியும்தான். துரு ஏறாது. புதிதாக ஸ்பிரே அடித்த பகுதிக்குச் சில வாரம் மெழுகோ வேறு காப்போ இடாமல் ஆறவிட வேண்டும்.

உப்புக்காற்றுப் பகுதிகளில் துரு பெரும்பாலும் கண்ணில் படாத இடங்களில்தான் தொடங்குகிறது. கதவின் அடி விளிம்பில், கண்ணாடி வழியே உள்ளிறங்கும் நீர் வடிவதற்கென்று சிறு துளைகள் உண்டு. வேப்பம்பூ, இலைத்தூள், மண் ஆகியவற்றால் இவை அடைபட்டால் நீர் கதவுக்குள்ளேயே தேங்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் கதவுகளைத் திறந்து, ஒரு தென்னங்குச்சியால் அந்தத் துளைகளை நீக்கிவிட்டு, ஒரு குவளை நீர் ஊற்றி அலச வேண்டும். நான்கு கதவுகளுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகும்.